‘கார்பன் போர்டு’ என்பது எவ்வகைத் தொகை?

நீள்பதிவு. இலக்கணமும் ஸ்டிக்கர் ஒட்டும் வேலையும் கலந்து வரும். இரண்டில் ஒன்று பிடிக்காதவர்கள் அந்தப் பத்திகளைத் தாண்டிச் செல்லலாம்.

புணே நகரில் வண்டிகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டும் கடைகளில் ‘கார்பன்’ என்பது ஒரு பொருளின் பெயரன்று. ஒரு தோற்றத்தின் பெயர். ‘மேட்’, ‘குளாஸி’, ‘குரோம்’ ஆகியவற்றோடு ஒரே வரிசையில் நிற்கும் சொல் அது. ‘கார்பன் மார்னா ஹை க்யா?’ என்று கடைக்காரர் கேட்டால், கார்பன் இழையால் ஆன எதையும் அவர் தரப்போவதில்லை. கறுப்பு நிறத்தில், சாய்வாக நெய்தது போன்ற வரிகள் புடைத்திருக்கும் வினைல் படலம் ஒன்றை ஒட்டித் தரப்போகிறார். வாங்குபவருக்கும் அது தெரியும். நானா பேட்டில் (நம் ‘பேட்டை’தான், யார் யாரிடமிருந்து பெற்றார் என்பது வேறொரு பதிவுக்குரியது) பெட்ரோல் டேங்கின்மேல் ‘கார்பன்’ ஒட்டிக்கொண்டு போகும் எவரும் தம் வண்டியின் டேங்க் கார்பனால் ஆனது என்று நம்புவதில்லை.

பொருளின் பெயர் தோற்றத்தின் பெயராவது மொழிக்குப் புதிதன்று. ‘ரோஸ் சட்டை’ என்றால் நாம் பூவைத் தேடுவதில்லை. ‘ஆரஞ்சு’ பழமும் நிறமும் ஆகிப் பல தலைமுறைகள் கடந்துவிட்டன. ‘கார்பன்’ என்ற சொல்லுக்கோ நம்மிடையே முன்பே ஒரு வரலாறு உண்டு. தட்டச்சுக் காலத்தவர்களுக்கு அது இரண்டு தாள்களுக்கு இடையே செருகும் மைத்தாள். ‘அப்படியே அப்பனோட கார்பன் காப்பி’ என்று பிள்ளைகளைப் பார்த்துச் சொன்னவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நகலைக் குறித்த சொல்லே இப்போது நகலெடுக்கப்படும் பொருளைக் குறிக்கிறது என்பதில் எனக்கு ஒரு சிறு மகிழ்ச்சி.

இவற்றையெல்லாம் எண்ண வைத்தது ஒரு சறுக்குப்பலகை. நான் வாடகைக்கு இருக்கும் மகர்பட்டா, ஹடப்ஸரை ஒட்டிய நகரியம். நூற்றுக்கும் மேற்பட்ட விவசாயக் குடும்பங்கள் தம் 400 ஏக்கருக்கும் அதிகமான நிலத்தை விற்றுவிட்டுப் போகாமல், ஒன்றுசேர்த்து, தாமே பங்குதாரர்களாக இருந்து எழுப்பிய ஊர் அது. மாலையானால் அதன் உள்சாலைகளில் பிள்ளைகள் சக்கரம் பொருத்திய எதையாவது உருட்டிக்கொண்டிருப்பார்கள். எதிர்வீட்டில் பாளையங்கோட்டைக் குடும்பம் ஒன்று. அவர்களுடைய பதினான்கு வயது மகன் மூன்றாண்டுகளாகச் சறுக்குப்பலகையே உலகம் என்று இருக்கிறான். பலகை சிறிதாகிவிட்டது, அவன் வளர்ந்துவிட்டான். அவன் அப்பாவுக்கு வேலை போய் நான்கு மாதமாகியிருந்தது. புதிய பலகை கேட்கக் கூடாது என்பதை யாரும் சொல்லாமலே அவன் அறிந்திருந்தான். ஆகவே பழையதை விற்று, சேர்த்து வைத்த பணத்தையும் போட்டுப் புதியது வாங்குவது அவன் திட்டம். விற்பதற்கு முன் அடிப்பக்கத்தில் கார்பன் ஒட்டிவிட்டால் விலை கூடும். 250 ரூபாய்க்குப் படலமும் வாங்கி வந்துவிட்டான். என்னிடம் அவன் கேட்டவை இரண்டு: ஒட்டுவதற்கு ஒரு கை, குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் போட ஒரு நல்ல விளம்பரம். ‘அக்கா, நீங்க லாங்வேஜ்தானே படிக்கிறீங்க?’

அவன் பலகை கனடிய மேப்பிள் மரத்தால் ஆனது. வழக்கமான சறுக்குப்பலகை அப்படித்தான்: மெல்லிய ஏழு மரத்தகடுகள், சில நீளவாட்டிலும் சில குறுக்குவாட்டிலும் இழையோட, பசையிட்டு அச்சில் அழுத்தப்படுகின்றன. நடுவில் சிறு குழிவும் இரு முனைகளில் மேல்நோக்கிய வளைவும் அந்த அழுத்தத்தில் கிடைப்பவை. மேற்புறத்தில் கால் வழுக்காதிருக்க ‘கிரிப் டேப்’ ஒட்டியிருக்கும்; ஏறக்குறைய உப்புத்தாள்தான், அதே சிலிக்கன் கார்பைடு துகள். அடிப்புறத்தில் படம். வினைல் ஒட்டுவது அந்த அடிப்புறத்தில். மேற்புறத்தில் கிரிப் டேப்பை உரித்துவிட்டு வழவழப்பான படலம் ஒட்டினால் விழுவது உறுதி. இரும்புக் குழாயிலும் திண்ணை விளிம்பிலும் பலகையை உரசி ஓட்டுபவர்கள் அடியிலும் ஒட்டுவதில்லை. ஒரே நாளில் கிழிந்து பிசுபிசுக்கும்.

உண்மையான கார்பன் இழை வேறு உலகம். ஓர் இழையின் தடிமன் ஏறத்தாழ 7 மைக்ரான்; தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு என்று கொள்ளலாம். அத்தகைய 3,000 இழைகளைச் சேர்த்த கற்றைகளை நெய்து, எப்பாக்ஸி பிசினில் தோய்த்து இறுக்கினால் எஃகைவிட மிக இலேசான, ஆனால் எளிதில் வளையாத ஒன்று கிடைக்கிறது. 1981இல் மெக்லாரன் அணி பந்தயக் காரின் உடற்கூட்டை இதில் செய்தது. நம் தேஜஸ் போர்விமானத்தின் கட்டமைப்பில் எடையளவில் ஏறத்தாழ 45 விழுக்காடு இவ்வகைக் கலப்புப்பொருள்தான். ஆயினும் விமானத்தில் அந்த நெசவு வண்ணப்பூச்சுக்கு அடியில் மறைந்திருக்கும். நாம் ‘கார்பன் லுக்’ என்று அழைக்கும் சாய்வுவரி, அடிப்படையில் துணியின் தோற்றம்: ஜீன்ஸ் துணியில் காணும் அதே ட்வில் நெசவு. ஆக, கார்பன் படலம் போலச்செய்வது வலிமையை அன்று, ஒரு நெசவை.

இங்கேதான் தொல்காப்பியம் எனக்கு உதவிக்கு வந்தது. பொருளதிகாரத்தின் உவமவியல், ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிடும் உவமத்தை வினை, பயன், மெய், உரு என நான்கு வகையாகப் பிரிக்கிறது. மெய் என்பது வடிவம், உரு என்பது நிறம் என உரையாசிரியர்கள் விளக்குவர். கார்பன் படலத்தை இந்த நான்கிலும் வைத்துப் பார்க்கலாம். நிறம் ஒக்கிறது. புடைத்த வரிகளால் வடிவமும் ஓரளவு ஒக்கிறது. விரல் நுனி கூட நம்பிவிடும். வினை ஒப்பதில்லை: படலம் எதையும் தாங்காது, எதையும் விறைப்பாக்காது. பயனும் ஒப்பதில்லை: பலகையின் எடை குறையாது, சற்றே கூடும். (கிரிப் டேப்பை உப்புத்தாளோடு ஒப்பிட்டேனே, அது நான்கில் மூன்றிலேனும் தேறும்.) இன்னுமொன்று: உவம உருபுகளை நான்கு வகைக்கும் எட்டெட்டாகப் பகிரும் தொல்காப்பியர், ‘போல’ என்பதை உரு உவமத்துக்குரியவற்றுள் முதலாவதாக வைக்கிறார். இது பெரும்பான்மை பற்றியது என்பதும், வழக்கில் ‘போல’ எங்கும் வரும் என்பதும் உண்மையே. எனினும் ‘போலி’ என்று நாம் இழித்துரைக்கும் சொல்லின் வேரை அவர் நிறத்தோடு சேர்த்து வைத்தது கடைக்காரரின் ‘கார்பனு’க்கு மிகப் பொருத்தமாக இருக்கிறது.

‘போலி’யும் இலக்கணத்தில் இழிசொல் அன்று. அறம், அறன், பந்தல், பந்தர். ஓர் எழுத்தின் இடத்தில் இன்னோர் எழுத்து வந்தும் பொருள் மாறாமல் நிற்பதே போலி. ஏமாற்று என்ற பொருளை நாம்தான் அதன்மேல் ஒட்டினோம்.

போலச்செய்வது குற்றமென்றால் மாமல்லபுரத்தையே குற்றக்கூண்டில் ஏற்ற வேண்டும். ஐந்து ரதங்கள் எனப்படுபவை ஏழாம் நூற்றாண்டில் பாறையில் குடைந்தெடுத்த மரக்கட்டடங்கள். திரௌபதி ரதம் கல்லாலான கூரைக்குடிசை. கூரையின் வளைவுகூட வேய்ந்த கூரையின் வளைவு. மழை ஒழுகாதிருக்க வேண்டிய தேவை அந்தக் கற்கூரைக்கு இல்லை. சிற்பி வினையை விட்டான், மெய்யை எடுத்துக்கொண்டான்; நாம் அதைப் போலி என்பதில்லை. (சறுக்குப்பலகைக்கும் தமிழருக்கும் என்ன தொடர்பு என்று கேட்கும் நண்பர்களுக்கு: அதே மாமல்லபுரத்தில் பலகை ஓட்டிய சிறுமியைப் பற்றிய ‘கமலி’ என்ற குறும்படம் 2020இல் பாஃப்டா விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது.)

ஆகவே படலம் ஒட்டுவதில் எனக்குத் தயக்கம் ஏதும் இருக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பால்கனியில் செய்தித்தாள் விரித்து உட்கார்ந்தோம். எட்டுப் போல்ட்டுகளையும் கழற்றி, ‘டிரக்’ எனப்படும் அச்சுகளைச் சக்கரங்களோடு எடுத்து வைத்தோம். அடியில் ஒட்டியிருந்த பழைய ஸ்டிக்கர்களைச் சூடு காட்டி உரித்தோம். படலம் காகிதத்தைவிடச் சற்றே தடித்தது. கீழே ஒரு மணல் துகள் இருந்தாலும் மேலே பரு போலத் தெரியும். எனவே உப்புத்தாள், முதலில் 220, பிறகு 400. தேய்த்த தூளை ஈரத்துணியால் துடைத்தபோது பின்பக்க போல்ட் துளையிலிருந்து ஓர் ஈரக்கோடு நீண்டது. விரிசல். ஏறத்தாழ ஒன்றரை அங்குலம். வால்பகுதியை விரல் மடக்கித் தட்டிப் பார்த்தோம். நல்ல பலகை கணீரென்று ஒலிக்கும், இது அந்த இடத்தில் மட்டும் சொத்தென்றது. தகடுகள் உள்ளே பிரியத் தொடங்கியிருந்தன.

சற்று நேரம் அவன் ஒன்றும் பேசவில்லை. பிறகு, ‘ரேப் போட்டா தெரியாதுல்ல அக்கா’ என்றான்.

தெரியாதுதான். மணல் துகளைக் காட்டிக்கொடுக்கும் படலம் மயிரிழை விரிசலை முழுதாக விழுங்கிவிடும். புடைத்த வரிகள் அதற்கென்றே செய்தவை போல உதவும். விளம்பரம் வரும் முன்பே பலகையைக் கேட்டு வைத்திருந்தது அடுத்த கட்டடத்தில் ஒரு மராத்திக் குடும்பம். மகளுக்கு ஒன்பது வயது. அந்தப் போல்ட்டுகளின் மேல்தான் பின்னங்காலின் எடை முழுதும் இறங்கும்.

நான் விளம்பரத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினேன். அறிவுரையைவிட அது எனக்கு எளிது. அவன் எழுதி வைத்திருந்த முதற்சொல் ‘கார்பன் ஃபைபர் போர்டு’. ‘லுக்’ எங்கே என்று கேட்டேன். ‘எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. கடையில கார்பன்னுதான் குடுத்தாங்க. உங்க பேக்கை லெதர் பேக்னு சொல்றீங்க, அது ரெக்ஸின்தானே?’

நல்ல வாதம். என் கைப்பை ரெக்ஸின்தான். ஆனால் அதை நான் யாருக்கும் விற்கவில்லை.

நம் இலக்கணத்தில் ‘பொற்குடம்’ என்பது பொன்னால் ஆகிய குடம். மூன்றாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. ‘பவளவாய்’ என்பது பவளம் போன்ற வாய், உவமைத்தொகை. முன்னதில் ‘ஆல் ஆகிய’ மறைந்திருக்கிறது, பின்னதில் ‘போன்ற’. மறைந்ததை மீட்டெடுப்பது கேட்பவரின் வேலை. அதற்கு அவருக்கு உலகறிவு வேண்டும். பவளத்தால் வாய் செய்ய இயலாது என்பது நமக்குத் தெரியும் என்பதால்தான் பவளவாய் எவரையும் ஏமாற்றுவதில்லை. பெயரடைகளின் பொருண்மையை ஆராய்ந்த பார்பரா பார்ட்டீ, கற்சிங்கம் சிங்கமா, போலித்துப்பாக்கி துப்பாக்கியா என்ற கேள்விகளைப் பல ஆண்டுகள் துரத்தினார். அத்தகைய அடைகள் வரும்போது, போலியானவற்றுக்கும் இடம் கிடைக்கும்படி ‘துப்பாக்கி’ என்ற பெயரின் எல்லையையே நாம் விரித்துக்கொள்கிறோம் என்பது அவர் கருத்து. அழகான விளக்கம். ஆனால் விரித்துக்கொள்ள வேண்டியவருக்கு விரிக்க வேண்டும் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

‘கார்பன் போர்டு’ என்பதில் அந்தப் பாதுகாப்பு இல்லை. கார்பன் இழையில் செய்த பலகைகள் உண்மையிலேயே சந்தையில் உண்டு. ஸ்டிக்கர் கடையில் இருவருக்கும் அது உவமைத்தொகை. விற்பனை விளம்பரத்திலோ, எழுதுபவர் மனத்தில் உவமைத்தொகையாகப் புறப்பட்டு, படிப்பவர் மனத்தில் வேற்றுமைத்தொகையாகச் சென்றிறங்கும். எழுதுபவர் ஒரு பொய்யும் சொல்லியிருக்கமாட்டார். தொகைச்சொல்லின் வசதி அது. (நம் ஆய்வேடுகளுக்கும் ஒப்புமைச் சோதனை உண்டு, 2018ஆம் ஆண்டின் யுஜிசி விதிகளின்படி 10 விழுக்காடு வரை தண்டனை இல்லை. அந்த மென்பொருளும் முதன்மையாகப் பார்ப்பது உருவைத்தான். கருத்தை எடுத்துச் சொல்லை மாற்றியவர் அதில் தப்பிவிடுவார்.)

இவ்வளவையும் அவனிடம் சொல்லவில்லை. பொற்குடத்தையும் பவளவாயையும் மட்டும் சொன்னேன். புணேயில் தமிழை இரண்டாம் மொழியாகக்கூடப் படிக்காத பிள்ளை, ஆயினும் உடனே பிடித்துக்கொண்டான். ‘அப்ப விரிசலை மறைச்சா அது என்ன தொகை?’ என்று கேட்டான். அதற்குத் தொகை இல்லை என்றேன். தொகையில் மறைந்தவற்றை விரித்துக் காட்ட முடியும். இங்கே படிப்பவரால் விரிக்கக்கூடியது எதுவும் சொல்லில் இல்லை.

அவன் அம்மா வந்தார்கள். நான் எழுதிய விளம்பரத்தை வாங்கிப் படித்தார்கள். ‘டிரக்கும் சக்கரங்களும் விற்பனைக்கு. நல்ல நிலை. பலகை விற்பனைக்கு இல்லை. பின்பக்கம் விரிசல் இருப்பதால் ஓட்டத் தகாது.’ ‘ஏம்மா, உள்ளதையெல்லாம் இப்படி எழுதிப்போட்டா எவன் வாங்குவான்?’ என்றார்கள். குரலில் கோபமில்லை, கணக்கு இருந்தது. முழுப் பலகையாக விற்றால் வரக்கூடியதில் ஏறத்தாழ பாதி குறையும். அந்தப் பாதி அந்த மாதத்தில் அவர்களுக்குச் சிறு தொகையன்று. என் உதவித்தொகை நேரத்துக்கு வந்துகொண்டிருந்தது. அறம் பேசுவது எனக்கு எளிது என்பதையும் அந்த நிமிடத்தில் உணர்ந்தேன். பதில் சொல்லாமல் நின்றேன். ‘அந்தப் பாப்பா விழுந்திரும்மா’ என்றவன் அவன்தான். அம்மா விளம்பரத்தைத் திருப்பித் தந்துவிட்டு உள்ளே போனார்கள். சிறிது நேரத்தில் இருவருக்கும் காபி வந்தது.

டிரக்கும் சக்கரங்களும் மூன்றாம் நாள் விற்றுப்போயின. வாங்கியது அதே மராத்திக் குடும்பம். புதிய பலகை ஒன்றில் பொருத்திக்கொண்டார்கள். அவன் கணக்கில் இன்னும் 1,400 ரூபாய் துண்டு விழுகிறது.

படலம் வீணாகக் கூடாது என்று, ஓடாத அந்தப் பலகைக்கே ஒட்டினோம். செய்ய விரும்புவோருக்காக முறையைச் சொல்கிறேன். தேய்த்த வெறும் மரத்தில் பசை நன்றாகப் பிடிக்காது. ஒரு கை வார்னிஷ் பூசி நன்கு உலரவிட வேண்டும். பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைக்க வேண்டும். படலத்தைச் சுற்றிலும் இரண்டு அங்குலம் கூடுதலாக வெட்டி, நெசவுவரி பலகையின் நீளத்தோடு ஒத்துப்போகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். ஒட்டிய பின் கோணல் கண்ணை உறுத்தும். பின்தாளை முழுதும் உரிக்காமல், ஒரு முனையிலிருந்து சிறிது சிறிதாக உரித்து, துணி சுற்றிய நெகிழித் தகட்டால் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கித் தள்ள வேண்டும். குமிழ் நின்றால் ஊசியால் குத்தி அழுத்தினால் போதும்.

முனைகளின் வளைவில்தான் பொறுமை வேண்டும். சூடு காட்டினால் படலம் இளகும். இளகியதும் இழுக்கத் தோன்றும். இழுத்தால் நெசவு கோணும், சாய்வுவரிகள் அங்கே ஆறு போல வளையும். பார்த்த மாத்திரத்தில் துணியன்று என்பது தெரிந்துவிடும். இன்னொரு காரணமும் உண்டு. மலிவான படலங்கள் உருளைகளுக்கிடையே இழுத்து நசுக்கிச் செய்யப்படுபவை. தம் பழைய அளவை அவை மறப்பதில்லை. இழுத்து ஒட்டிய இடம் சில வாரங்களில் மெல்லச் சுருங்கி ஓரத்தைத் தூக்கும். வார்த்துச் செய்யப்படும் விலையுயர்ந்த வகையில் இத்தொல்லை குறைவு. எதுவாயினும் ஒட்டி முடித்தபின் வளைவுகளை ஏறத்தாழ 90 முதல் 100 பாகை வரை சூடாக்கி அழுத்தினால் அந்த நினைவு பெரிதும் தணியும். தொழிலாளர்கள் இதையும் ‘மெமரி’ என்றே சொல்கிறார்கள். கடைசியாக விளிம்பை உப்புத்தாள் கட்டையால் சாய்வாகத் தேய்த்து, கட்டரால் சுற்றி வெட்டி, எட்டுத் துளைகளையும் மேற்புறத்திலிருந்து குத்தித் திறக்க வேண்டும்.

எட்டாவது துளையைத் திறந்தபோது விரிசல் எந்தப் பக்கம் ஓடியது என்று எனக்கே மறந்துவிட்டது. அவன் மட்டும் விரல் வைத்துக் காட்டினான். இப்போது அந்தப் பலகையைச் சக்கரமில்லாமல் புல்தரையில் போட்டு எகிறிக் குதிக்கப் பழகுகிறான்.

மொழியியல் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலோ, மதுரை, கோவை, யாழ்ப்பாணம், கோலாலம்பூர் கடைகளிலோ இந்தப் படலத்தை என்ன பெயர் சொல்லிக் கேட்கிறார்கள்? ‘கார்பன்’ மட்டுமா, ‘கார்பன் ஸ்டிக்கர்’, ‘கார்பன் மாதிரி’ என்று ஏதேனும் சேர்கிறதா? வாங்கும்போது ஒரு சொல்லும் விற்கும்போது வேறொரு சொல்லும் வருகிறதா என்பதையும் கவனித்து எழுதினால் நன்றி.